பட்சிராஜனும் பட்சி தீர்த்தமும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை உள்ளவர்கள் படிக்கவும். ரஜினி ரசிகர்கள் முழுக்கப் படித்து முடித்துவிட்டுத் திட்டவும். பாதியிலேயே ஆரம்பிக்க வேண்டாம்.

'எந்திரன்' 2010 அக்டோபரில் வந்தது. '2.0' 2018 நவம்பரில் வந்தது. நாடே பார்த்த படங்கள். நான் இரண்டையும் இந்தக் கோடை விடுமுறையில்தான் பார்த்தேன். விடுமுறைக்கு வந்த பேரன், "ரோபோ படமே பார்த்ததில்லையா தாத்தா?" என்று ஆச்சரியப்பட்டு, நேற்று ஒன்று இன்று ஒன்று என்று வரிசையாகப் போட்டுக் காட்டினான். அறிவியல் புனைவுப் படங்கள் எனக்குப் புதிது. ஆனால் புதிதாகப் பார்ப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. எட்டு வருடம் இடைவெளி விட்டுப் பார்த்த உங்களுக்கு இரண்டாம் படம் வந்தபோது முதல் படம் மறந்திருக்கும். எனக்கு ஒரு ராத்திரிதான் இடைவெளி. ஒன்றும் மறக்கவில்லை.

அதனால் சொல்கிறேன். முதல் படம் ஒரு நல்ல கேள்வியைக் கேட்டது. இரண்டாம் படம் சிட்டி ரோபோவைத் திரும்ப ஒட்டவைத்து ஓடவிட்டது. கேள்வியை மட்டும் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டது. அந்த இடத்தில் ஒரு வாட்ஸ்அப் வதந்தியை வைத்தது. இதுதான் என் வழக்கு.

முதலில் 'எந்திரன்' பற்றி நியாயமாகப் பேசிவிடுகிறேன்.

அந்தப் படத்தின் வசனத்தில் சுஜாதாவின் கை இருக்கிறது. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்கு உள்ளவர். 'என் இனிய இயந்திரா' தொடர்கதையில் ஜீனோ என்ற இயந்திர நாயைப் படிக்கவும் யோசிக்கவும் வைத்தவர். படம் வெளிவருவதற்குள், 2008 பிப்ரவரியில் காலமாகிவிட்டார்.

படத்தில் ஒரு தீ விபத்துக் காட்சி வரும். எரிகிற கட்டடத்திலிருந்து சிட்டி ஒவ்வொருவராகத் தூக்கி வருகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே, உடையில்லாமல், கூட்டத்துக்கும் கேமராக்களுக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்தப் பெண் அவமானம் தாங்காமல் ஓடி, வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். இயந்திரத்தின் கணக்குப்படி ஓர் உயிர் காப்பாற்றப்பட்டது. மனிதரின் கணக்குப்படி அந்த உயிரே போய்விட்டது.

படத்தை அங்கே நிறுத்திவிட்டுப் பேரனைக் கேட்டேன்: "இதுல யார் மேலடா தப்பு?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "சிட்டி மேல இல்ல தாத்தா. அதுக்குச் சொல்லிக் கொடுக்காதவங்க மேல."

ஏழாம் வகுப்புப் பிள்ளை. இதைவிட நல்ல பதிலை நான் எந்த ஆசிரியர் கூட்டத்திலும் கேட்டதில்லை. நல்லது செய்யப் போன கை, விளைவு தெரியாததால் கொலை செய்துவிடுகிறது. இதற்கு யார் பொறுப்பு? அறிவியல் புனைவு கேட்க வேண்டிய கேள்வி இதுதான். படம் அதற்காக ஒரு தண்டனையும் கொடுக்கிறது. நீதிமன்றத் தீர்ப்புப்படி சிட்டி தன்னைத்தானே பிரித்துப் போட்டுக்கொள்கிறது. கடைசியில் அருங்காட்சியகத்தில் ஒரு பள்ளிக் குழந்தை, ஏன் உன்னைப் பிரித்துவிட்டார்கள் என்று கேட்கிறாள். யோசிக்க ஆரம்பித்ததுதான் தன் குற்றம் என்ற பொருளில் பதில் வருகிறது. அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு கனத்தது, மறைக்கவில்லை.

மறுநாள் '2.0'. என் குற்றச்சாட்டுகள் மூன்று.

*

முதல் குற்றச்சாட்டு: கற்ற பாடத்தை அழித்தது.

'எந்திரன்' படத்தில் சிட்டியைக் கொலைகாரனாக்கியது ஒரு சிவப்பு சிப். வில்லன் அதைச் செருகுகிறார், ஊர் பற்றி எரிகிறது. சிட்டியைப் பிரித்துப் போட்டதற்குக் காரணமே அதுதான். '2.0' படத்தில் பட்சிராஜனிடம் சிட்டி தோற்றதும், நிலா என்ற புது ரோபோ அதே சிவப்பு சிப்பைத் திரும்பச் செருகுகிறது. இப்போது அது வீரம்! கைதட்டல்! முதல் படத்தில் எது பாவமோ, அது இரண்டாம் படத்தில் வரமாகிவிட்டது. நடுவில் யாருமே, "இதைச் செருகித்தானே அத்தனை பேர் செத்தார்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னும் ஒன்று. கடைசிச் சண்டையில் பட்சிராஜனை எப்படி அடக்குகிறார்கள் தெரியுமா? விரல் அளவு ரோபோக்கள் புறாக்களின் முதுகில் ஏறி வருகின்றன. அடங்காவிட்டால் புறாக்களைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டுகின்றன. பறவைகளைக் காப்பாற்றுங்கள் என்று சொல்ல வந்த படத்தில், பறவைகளைப் பிணை வைத்துக் கதாநாயகன் ஜெயிக்கிறார். பேரன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

*

இரண்டாம் குற்றச்சாட்டு: இருப்பதைப் பற்றிப் பொய் சொன்னது.

கதை உங்களுக்குத் தெரியும். பட்சிராஜன் ஒரு பறவையியல் பேராசிரியர். செல்போன் கோபுரங்களின் அலைவீச்சால் பறவைகள் சாகின்றன என்று சொல்லி, எல்லா வாசலிலும் தட்டி, யாரும் கேட்காமல், டவரிலேயே தூக்கு மாட்டிக்கொள்கிறார். பிறகு ஆவியாகி, ஊரில் உள்ள செல்போன்களையெல்லாம் பறக்கவிட்டுப் பழி வாங்குகிறார். இறந்த பறவைகளின் 'ஆரா' அவரோடு சேர்ந்துகொள்கிறதாம். அந்த எதிர்மறை ஆற்றலை விஞ்ஞானி நேர்மறை ஆற்றல் கொண்டு சமன் செய்கிறாராம். வேப்பிலை அடித்துப் பேய் ஓட்டுவதற்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டால் அது விஞ்ஞானம் ஆகிவிடுமா?

"சினிமாதானே சார், கற்பனைதானே?" என்பீர்கள். கற்பனை எனக்கும் பிடிக்கும். 'எந்திரன்' படத்தில் சிட்டி கொசுக்களோடு பேச்சுவார்த்தை நடத்தியது. அறிவியல்படி அது சுத்த அபத்தம். ஆனால் அதைப் பார்த்துவிட்டு எந்தக் குழந்தையும் கொசு பேசும் என்று நம்பவில்லை. செல்போன்கள் சேர்ந்து ராட்சதக் கழுகாகும் என்றும் யாரும் நம்பவில்லை. அதெல்லாம் இல்லாததைப் பற்றிய கற்பனை. அதற்கு முழு உரிமை உண்டு.

டவரால் சிட்டுக்குருவி செத்தது என்பது அப்படிப்பட்டதா? டவர் இருக்கிறது. குருவியும் இருக்கிறது. இருக்கிற இரண்டுக்கும் நடுவில் ஒரு கொலைக் குற்றத்தைக் கட்டிவிட்டார்கள். அதை எல்லாரும் நம்பிவிட்டார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் போய், குருவி ஏன் குறைந்தது என்று கேட்டுப் பாருங்கள். "செல்போன் டவர் சார்" என்று வகுப்பே சேர்ந்து சொல்லும். வதந்தி படத்துக்கு முன்பே இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முத்திரை குத்தி, ரஜினிகாந்த் முன்னிலையில், முப்பரிமாணத்தில் வெளியிட்டது இந்தப் படம்.

சரி, உண்மை என்ன?

2020-இல் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை வந்தது. 15,500 பறவை நோக்கர்கள் பதிவு செய்த 1 கோடிக்கும் மேற்பட்ட குறிப்புகளை வைத்து 867 வகைப் பறவைகளை ஆராய்ந்தார்கள். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை கடந்த 25 ஆண்டுகளில் ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது. பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது.

நகரத்தில் ஏன் குறைந்தது? எங்கள் வாலாஜாபாத் பக்கத்து வீடுகளை வைத்தே யோசித்துப் பாருங்கள். ஓட்டு வீட்டு இறவாணத்திலும், சுவரில் மாட்டிய படத்துக்குப் பின்னாலும் குருவி கூடு கட்டும். கான்கிரீட் வீட்டில் கூடு கட்ட ஓர் இடுக்குக்கூடக் கிடையாது. வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்தபோது நொய்யும் குருணையும் சிதறும். இப்போது அரிசி மூட்டையிலேயே சுத்தமாக வருகிறது. பெரிய குருவி தானியம் தின்னும், ஆனால் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஊட்ட வேண்டும். வயலிலும் தோட்டத்திலும் மருந்தடித்துப் பூச்சியை ஒழித்துவிட்டால் குஞ்சு என்ன தின்னும்? இதில் எதைச் சொன்னாலும் விரல் நம்மை நோக்கித் திரும்பும். டவரைச் சொன்னால் யார் மேலும் பழி இல்லை. வதந்தி ஜெயிப்பதன் ரகசியம் இதுதான்.

மின்காந்த அலைக்கும் பறவைக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியில் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் ராபின் என்ற சிறு பறவையை வைத்து ஆராய்ந்து, 2014-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஊருக்குள் இருக்கும் மின்காந்த இரைச்சலில் அந்தப் பறவைகளுக்குத் திசை பிடிபடவில்லை. மரக்குடிலைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்துத் தரையோடு இணைத்ததும் திசை பிடிபட்டது. எவ்வளவு அழகான சோதனை! ஆனால் அந்த அலைகளின் அதிர்வெண் 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் வரை. பழைய ரேடியோ ஓடுகிற பக்கம். செல்போன் வேலை செய்வதோ பல நூறு மெகாஹெர்ட்ஸில். பறவை திசை தடுமாறியது, சாகவில்லை. இந்த வித்தியாசங்களைப் பார்த்துப் பேசுவதற்குப் பெயர்தான் அறிவியல்.

நம் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2010-இல் ஒரு குழு போட்டது. கோபுரங்கள் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும், ஆய்வு வேண்டும் என்றார்கள். 2012 செப்டம்பர் முதல் கோபுரக் கதிர்வீச்சுக்கான வரம்பை, சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காக இந்தியா குறைத்தது. எச்சரிக்கை நல்லது. எச்சரிக்கை வேறு, தீர்ப்பு வேறு. ஆய்வு முடியாத வழக்கில் படம் தூக்குத் தண்டனையே எழுதிவிட்டது.

இதையும் சொல்லிவிடுகிறேன். படம் வெளிவரும் சமயத்தில் செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. நான் அவர்கள் பக்கம் இல்லை. படத்தைத் தடுக்கச் சொல்வது அராஜகம். தப்பான படத்துக்குப் பதில் தடையா? சரியான பேச்சுதான் பதில். அதைத்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

*

மூன்றாம் குற்றச்சாட்டு, பெரிய குற்றச்சாட்டு: கண்ணெதிரே இருந்த கதையைப் பார்க்காமல் விட்டது.

எங்கள் திருமுக்கூடலிலிருந்து கிழக்கே போய்ச் செங்கல்பட்டைத் தாண்டினால் திருக்கழுக்குன்றம். ஊர்ப் பெயரே கழுகை வைத்துத்தான். வேதகிரீஸ்வரர் மலையில் தினமும் உச்சிப் பொழுதில் இரண்டு கழுகுகள் வந்து இறங்கும். அர்ச்சகர் ஊட்டும் சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் பறந்து போகும். பட்சி தீர்த்தம் என்று வெளிநாட்டுக்காரர்கள்கூடத் தேடி வந்து பார்த்தார்கள். என் வயதுக்காரர்கள் பலர் கண்ணால் பார்த்திருப்பீர்கள். பறவையியல்படி அது மஞ்சள்முகப் பாறு. 1990களில் அந்த வரவு நின்றுபோனது. இன்றைக்கும் அந்தப் பாறை இருக்கிறது. பட்சி இல்லை.

"கலி முற்றிவிட்டது" என்றார்கள் பக்தர்கள். "டவர் வந்துவிட்டது" என்றார்கள் பிற்பாடு வந்தவர்கள். இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-இல் நடந்தது. ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் பேசினார். அந்தப் பத்தாண்டில் கிராமங்களில் டவர் ஏது? ஆனால் அதே பத்தாண்டில்தான் நாடு முழுக்கப் பாறுகள் பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தன. ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர் கூடுகள் காலியாவதைக் கவனித்துப் பதிவு செய்தார். 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் அழிந்தது. ஆயிரத்துக்கு ஒன்று மிச்சம். யோசித்துப் பாருங்கள், ஆயிரம் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறான்.

என்ன காரணம் என்று தெரியவில்லை. ஏதோ வைரஸ் என்று தேடினார்கள். கடைசியில் 2004-இல் பாகிஸ்தானில் செத்த பாறுகளை அறுத்துப் பார்த்த லிண்ட்சே ஓக்ஸ் குழு காரணத்தைக் கண்டுபிடித்தது. உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசினதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் கெட்டுச் செத்திருக்கின்றன. சிறுநீரகத்தில் டைக்ளோஃபெனாக் இருந்தது.

அது என்ன? நாம் மூட்டு வலிக்குப் போட்டுக்கொள்ளும் சாதாரண வலி மருந்து. மடிவீக்கம் வந்த பசுவுக்கும், கால் தாங்கி நடக்கிற எருதுக்கும் அதே ஊசியைப் போட்டார்கள். மாடு பிழைத்தால் சரி. ஊசி போட்ட ஓரிரு நாளில் செத்துவிட்டால், தோலுரித்து ஊருக்கு வெளியே போடுவார்கள். பாறு கூட்டமாக வந்து தின்னும். அத்தனையும் சாகும்.

இப்போது சொல்லுங்கள், இந்தக் கதையில் வில்லன் யார்? வலியில் துடித்த மாட்டுக்கு இரக்கப்பட்டு ஊசி போட்டவர். அவர் கெட்டவரா? நல்லது செய்யப் போன கை, விளைவு தெரியாததால் ஓர் இனத்தையே கொன்றது. 'எந்திரன்' தீ விபத்துக் காட்சியின் கேள்வி இதுதானே! அந்தப் பெண்ணைத் தூக்கி வந்த சிட்டியின் இரும்புக் கையும் மாட்டுக்கு ஊசி போட்ட கையும் ஒன்றுதானே! முதல் படத்தின் கேள்வியை இன்னும் ஆழமாகக் கேட்கும் இரண்டாம் படம், ஷங்கர் சார், திருக்கழுக்குன்றத்தில் பாறை மேல் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

கதை அதோடு முடியவும் இல்லை. பாறுகள் போனதும் மாட்டுப் பிணங்கள் கேட்பாரற்று அழுகின. நாய்கள் பெருகின, நீர்நிலைகள் கெட்டன. 2000 முதல் 2005 வரை இந்தியாவில் சுமார் 5 லட்சம் மனிதர்கள் இதனால் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்று 2024-இல் இரண்டு பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டு வெளியிட்டார்கள். பழி வாங்க பட்சிராஜனின் ஆவி வர வேண்டியிருக்கவில்லை. பறவை இல்லாமல் போனதே போதுமானதாக இருந்தது.

நல்ல செய்தியும் உண்டு. காரணம் சரியாகத் தெரிந்ததால் மருந்தும் கிடைத்தது. 2006-இல் மாட்டு வைத்தியத்துக்கு டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தார்கள். மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015-இல் ஒரு குப்பி 3 மில்லிக்கு மேல் கூடாது என்றார்கள். அதை எதிர்த்து வழக்குப் போட்டபோது, 2017-இல் நம் சென்னை உயர் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்ற இன்னும் இரண்டு மருந்துகளும் மாட்டு வைத்தியத்தில் தடை செய்யப்பட்டன. பாறைக் கொல்லாத மெலாக்சிகாம் இருக்கிறது. நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கில் இன்றும் பாறுகள் கூடு கட்டுகின்றன. டவர்தான் காரணம் என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தால், அந்த மிச்சமும் இருந்திருக்காது. தவறான காரணத்தை நம்புவதன் விலை இது.

*

"நல்ல நோக்கத்தோடுதானே எடுத்தார்கள்?" என்று கேட்பவர்களுக்கு: ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று எழுதிய பையன், "நல்ல மனசோடதான் சார் எழுதினேன்" என்றால் மார்க் போடுவோமா?

"பழைய படத்தைப் புதுப்பித்தால் இப்படித்தான் ஆகும்" என்பவர்களுக்கு: ஆகாது. ஜப்பானில் 1954-இல் 'காட்ஸில்லா' எடுத்தார்கள். அந்த வருடம்தான் அமெரிக்கா பிகினி தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்திருந்தது. அந்தப் பயம்தான் அந்த ராட்சதப் பிராணி. 2011-இல் சுனாமி வந்து ஃபுகுஷிமா அணு உலை வெடித்தது. 2016-இல் அதே காட்ஸில்லாவைப் புதிதாக எடுத்தபோது, பிராணி ஊரை மிதித்துக்கொண்டு வருகிறது, அதிகாரிகள் அறை மாறி அறை மாறிக் கூட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதையும் பேரன் தயவில்தான் பார்த்தேன். புதுப்பிப்பது என்றால் அது. பழைய உருவம், புதுக் கேள்வி. நம்மவர்கள் உருவத்தைப் பெரிதாக்கினார்கள், கேள்வியை விட்டுவிட்டார்கள்.

எழுத ஆள் இல்லையா என்றால், அதுவும் இல்லை. '2.0' வசனத்தில் ஜெயமோகன் பெயர் இருக்கிறது. 'யானை டாக்டர்' எழுதியவர் அவர். அந்தக் கதையில் யானையைக் கொல்வது எந்த ஆவியும் அல்ல. சுற்றுலா வந்தவன் குடித்துவிட்டுக் காட்டில் உடைத்துப் போட்ட பாட்டில் சில்லு. காலில் குத்தி, சீழ் வைத்து, அத்தனை பெரிய உயிர் சாகிறது. படித்தவர்கள் காட்டுக்குப் போனால் பாட்டிலைக் கையோடு திருப்பி எடுத்து வருகிறார்கள். காரணத்தைச் சரியாகச் சொன்னால் மனிதன் திருந்துகிறான். '2.0' பார்த்துவிட்டு யார் என்ன செய்தார்கள்? செல்போனிலேயே "செல்போன் ஒழிக" என்று ஸ்டேட்டஸ் வைத்தார்கள்.

பட்சிராஜனின் தாடியும் தோற்றமும் சலீம் அலியை நினைவுபடுத்துகின்றன. 1896-இல் பிறந்து 1987-இல் மறையும்வரை அந்த மனிதர் செய்தது என்ன? பார்த்தார், எண்ணினார், எழுதிவைத்தார். அவர் சாயலில் ஒருவரைக் காட்டிவிட்டு, அவர் கையிலிருந்து நோட்டுப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு, ஆவியாக்கி, ஆட்களைக் கொல்லவிட்டார்கள். பறவைகளுக்காகப் பேசுகிறவர்கள் எல்லாம் கிறுக்கர்கள் என்ற எண்ணம் குழந்தை மனசில் பதியாதா?

பறவையை உண்மையில் காப்பாற்றியவர்களும் நம் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து தெற்கே போனால் வேடந்தாங்கல். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டர் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டு, 1798-இல் பாதுகாப்பு உரிமை வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருக்கிறார்கள். 2020-இல் சரணாலயத்தின் சுற்று எல்லையை 5 கிலோமீட்டரிலிருந்து 3 கிலோமீட்டராகக் குறைக்க ஒரு முன்மொழிவு வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. 2022-இல் அந்த ஏரி ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பறவையின் எதிரியைத் தேட டவர் உச்சிக்கு ஏற வேண்டாம். ஏரி எல்லையைக் குறைக்கும் கோப்பைப் பாருங்கள். எங்கள் பாலத்தில் ராப்பகலாய் ஓடும் கல் குவாரி லாரிகளைப் பாருங்கள். மருந்துக் கடை அலமாரியைப் பாருங்கள்.

கடைசியாக எங்கள் ஊர்ப் பெருமை ஒன்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் எங்கள் வேங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. உள்ளே வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு. 11-ஆம் நூற்றாண்டு. வீரசோழன் ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையைப் பற்றி அதில் இருக்கிறது. படுக்கை 15. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், அவரவருக்கு என்ன கூலி. வில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்று இருப்பில் உள்ள மருந்துகள் பெயர் பெயராக. ஏறக்குறைய 950 வருடத்துக்கு முன்னால் கல்லில் செதுக்கினவன், "எதிர்மறை ஆற்றலை நேர்மறை ஆற்றலால் குணப்படுத்தினோம்" என்று செதுக்கவில்லை. எத்தனை படுக்கை, என்ன மருந்து, எவ்வளவு நெல் என்று செதுக்கினான். எண்ணிச் சொல்லும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

பெற்றோர்களுக்கும், இன்னும் பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கும் என் வேண்டுகோள். '2.0' படத்தைத் தாராளமாகப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: "டவர்தான் கொன்றது என்று அவருக்கு எப்படித் தெரியும்?" பிள்ளைகள் தேடட்டும். தேடினால் பரத்பூர் வரும், ஓல்டன்பர்க் வரும், திருக்கழுக்குன்றம் வரும்.

நான் கேட்டேன். பேரன் படத்தைப் பின்னோக்கி ஓட்டி ஓட்டிப் பார்த்தான். "தாத்தா, அவரு ஒரு செத்த குருவியைக்கூட அறுத்துப் பார்க்கல" என்றான்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். ஆதாரத்தோடு எழுதினால் நன்றி சொல்வேன்.